பசியை அடக்கும் பேனா பிறந்த கதை

பெங்களூரின் மஞ்சள் தட மெட்ரோ, ஆர்.வி. சாலையில் கிளம்பி, பிறகு ஓசூர் சாலைக்கு மேலாக ஓடி, பொம்மசந்திராவில் முடிகிறது. 2025 ஆகஸ்டில் திறந்த தடம். கடைசிக்கு முந்தைய நிலையத்தின் பெயர் பயோகான் ஹெப்பகோடி. இந்த இரண்டு நிலையங்களையும் சுற்றி ஆலைகள், மருந்துக் கம்பெனிகள், இதய சிகிச்சைக்குப் பேர்போன நாராயணா ஹெல்த் சிட்டி என்று ஒரு தனி ஊரே எழும்பி நிற்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஓசூர் என்பதால், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் கிருஷ்ணகிரித் தமிழும் தர்மபுரித் தமிழும் காதில் விழாமல் இருக்காது. பொம்மசந்திரா - ஜிகனி இணைப்புச் சாலையில்தான் பயோகான் நிறுவனத்தின் பெரிய வளாகம் இருக்கிறது.

2024 மார்ச்சில் அந்த நிறுவனத்துக்கு பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் அனுமதியைக் கொடுத்தது. மருந்தின் பெயர் லிராக்ளூடைட். தினம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்கிற, பேனா வடிவ ஊசி. சர்க்கரை நோய்க்கு ஓர் அளவிலும், உடல் பருமனுக்குக் கூடுதல் அளவிலும் தருகிறார்கள். காப்புரிமை முடிந்த பிறகு அதை ஜெனரிக்காகத் தயாரித்து பிரிட்டனில் அனுமதி வாங்கிய முதல் நிறுவனம் பயோகான். மறு வருடம் பிப்ரவரியில் அது அங்கே விற்பனைக்கும் வந்தது.

'எடை குறைக்கும் ஊசி' என்று இன்று ஊரெல்லாம் பேசுகிற மருந்துக் குடும்பத்தில், உடல் பருமனுக்கென்றே முதன்முதலில் அங்கீகாரம் பெற்றது லிராக்ளூடைட்தான். அது பிறந்த கதையைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊரில் 110 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, பக்கத்து வீட்டு அத்தை தொடங்கி வைத்தியம் பார்ப்பவர் வரை எல்லோரும் சொல்கிற புத்திமதி ஒன்றுதான்: வாயைக் கட்டு. அவர் கட்டிப் பார்த்திருப்பார். பலமுறை கட்டியிருப்பார். 10 கிலோ குறைத்து 12 கிலோ ஏறியிருப்பார். ஒவ்வொரு முறையும், தனக்கு மனஉறுதி இல்லை என்று தன்னையே நொந்துகொண்டிருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது முறை சோறு கேட்கக் கூசி எழுந்துபோகிற அந்த மனிதருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். பசி என்பது குணக்கேடு அல்ல, உடலுக்குள் போய்வரும் ஒரு செய்தி என்பதை இந்த ஊசியின் பிறப்பு நிரூபித்துவிட்டது.

முதலில், எதைக் கடுமையான உடல் பருமன் என்கிறோம்? எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் பிஎம்ஐ. உலகளவில் 40-ஐத் தொட்டால் கடுமையானது. ஆசியர்களுக்கு 37.5 போதும் என்று வெகுகாலமாக மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது 96 கிலோ. இந்த எடையில் முழங்கால் தேய்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, கல்லீரலில் கொழுப்பு படிகிறது, மாதவிடாய் தப்புகிறது, இதயம் இரட்டைச் சுமை இழுக்கிறது. அழகுப் பிரச்சினை என்று இதைப் பேசுவது, பாதிக்கப்பட்டவருக்குச் செய்கிற அநியாயம்.

இதற்கு மருந்து தேடிய வரலாறு நல்ல வரலாறு இல்லை. 1930-களில் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனத்தை அமெரிக்காவில் எடை குறைக்க விழுங்கினார்கள். உடம்பு உள்ளுக்குள்ளேயே கொதித்துச் சிலர் செத்தார்கள், பலருக்குக் கண்புரை வந்தது. பிறகு ஆம்ஃபெட்டமின் மாத்திரைகள். 1990-களில் ஃபென்-ஃபென் என்ற கூட்டு மருந்து இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-ல் அதன் முக்கியப் பகுதி சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. ரிமோனபன்ட் மனச்சோர்வை உண்டாக்கியது. சிபுட்ரமின், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010-ல் மேற்கு நாடுகளிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் தடையானது. எடைக்கு மருந்து என்றாலே நல்ல மருத்துவர்கள் முகம் சுளித்ததற்கு நியாயம் இருந்தது.

ஆனால் அதே காலத்தில் வேறொரு பக்கம் அறிவு வளர்ந்துகொண்டிருந்தது. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் தகவல் அது: இங்கே சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது, பசியைக் குறை. 1997-ல் கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓ'ராஹிலி ஆகியோரின் குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. பாகிஸ்தானியப் பூர்வீகக் குடும்பம். சொந்தத்துக்குள் திருமணம் செய்த வீடு. 8 வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுமுறைத் தம்பிக்கு வயது 2, எடை 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் சுரக்கவே இல்லை. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. குழந்தைக்குச் சோறூட்டிய தாயைக் கேட்டால் தெரியும், அந்தப் பசிக்கு யாரும் குற்றவாளி இல்லை என்று. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு லெப்டினை ஊசியாகப் போட்டதும் பசி அடங்கி எடை இறங்கியது. லெப்டின் குறைபாடு மிக அரிது, பருமனான எல்லோருக்கும் அந்த மருந்து உதவாது. இருந்தாலும் ஒரு கதவு திறந்துவிட்டது.

பேனாவின் சொந்தக் கதைக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1964-ல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். சர்க்கரைக் கரைசலை நரம்பு வழியாக ஏற்றினால் கணையம் கொஞ்சம் இன்சுலின் சுரக்கிறது. அதையே வாய் வழியாகக் குடித்தால் இன்சுலின் வெகுவாகக் கூடுகிறது. அப்படியானால் குடலுக்கும் கணையத்துக்கும் நடுவே ஏதோ ஒரு தூது இருக்க வேண்டும். அந்தத் தூது எது?

பதிலின் முதல் துணுக்கு ஒரு மீனிலிருந்து வந்தது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனர் என்ற மருத்துவர் குளுக்ககான் என்ற ஹார்மோனின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார். பாலூட்டிகளின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் செருகுவதற்கு அன்றைய அமெரிக்காவில் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் ஆங்லர் மீனை எடுத்தார். பெரிய தலையும் அகலமான வாயும் கொண்ட அவலட்சணமான கடல்மீன் அது. ஆனால் அதில் ஒரு வசதி: ஹார்மோன் சுரக்கும் திசு, கணையத்தின் மற்ற பகுதியோடு கலக்காமல் தனி உருண்டையாக ஒதுங்கி நிற்கும், கத்தியால் அப்படியே வெட்டி எடுத்துவிடலாம். 1982-ல் அவருடைய குழு அறிவித்த முடிவு எதிர்பாராதது. ஒரே மரபணுவில் குளுக்ககானோடு, அதைப் போலவே இன்னொரு துண்டும் ஒளிந்திருந்தது. அடுத்த ஆண்டு கிரேம் பெல் என்பவரின் குழு வெள்ளெலியிலும் மனிதரிலும் அதே மரபணுவைப் படித்தது. அங்கே இரண்டு துண்டுகள் இருந்தன. அவற்றுக்கு ஜிஎல்பி-1, ஜிஎல்பி-2 என்று பேர் வைத்தார்கள். குளுக்ககானைப் போன்ற பெப்டைட் என்பதன் சுருக்கம்.

இவற்றில் ஜிஎல்பி-1 உடலில் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்ததில் பெரும்பங்கு ஒரு பெண்ணுக்கு உண்டு. நெடுங்காலம் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. ஸ்வெட்லானா மொய்சோவ், யூகோஸ்லாவியாவின் ஸ்கோப்யேயில் பிறந்தவர். பெப்டைட்களை ஒவ்வோர் அமினோ அமிலமாகக் கோத்துச் செய்கிற கலையை, அதற்காகவே நோபல் வாங்கிய புரூஸ் மெரிஃபீல்டிடம் நேரடியாகக் கற்றவர். 1983-ல் அதே பாஸ்டன் மருத்துவமனைக்கு வந்து பெப்டைட் ஆய்வகத்தை நடத்தினார். மரபணுவில் எழுதியிருந்தது 37 அமினோ அமிலங்களின் சங்கிலி. முழுச் சங்கிலி உருப்படியாக எதையும் செய்யவில்லை. முதல் ஆறை வெட்டிவிட்டு, 7-ல் தொடங்கி 37-ல் முடிகிற 31-தான் உயிருள்ள ஹார்மோனாக இருக்கும் என்று மொய்சோவ் கணித்தார். அதைத் தானே செய்தார், அதைத் தேடிப்பிடிக்கும் எதிர்ப்பொருளையும் தானே செய்தார், அது குடலில் இருப்பதைக் காட்டினார். எலியின் கணையத்தின் வழியே மிகமிகச் சிறு அளவில் செலுத்தியபோதும் இன்சுலின் பெருகியது. கட்டுரை 1987-ல் வந்தது. டென்மார்க்கில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்டின் குழுவும் அதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்தது.

காப்புரிமைகள் வெளியானபோது மொய்சோவின் பெயர் அவற்றில் இல்லை. வழக்கறிஞர் வைத்துப் போராடித்தான் சிலவற்றில் சேர்த்துக்கொண்டார். பெரிய பரிசுகள் பலமுறை மற்றவர்களுக்குப் போயின. 2024-ல்தான் லாஸ்கர் விருது ஹேபனருக்கும் மொய்சோவுக்கும் சேர்த்து வந்தது. கண்ணுக்குத் தெரியாத 31 மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் காட்டிய கைகளுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த மரியாதை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஹார்மோன் கிடைத்துவிட்டது. ஆனால் மருந்தாகவில்லை. உடலில் சுரந்த ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் உடைந்துவிடுகிறது. டிபிபி-4 என்ற நொதி அதன் தலையைக் கொய்துவிடும். நரம்பில் விடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தால் சர்க்கரை நோயாளியின் ரத்தச் சர்க்கரை சீராகிறது என்று 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மைக்கேல் நாவுக் காட்டினார். யார் வாழ்நாள் முழுக்க டிரிப்ஸ் பாட்டிலோடு நடப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு பல்லி நுழைகிறது. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஹீலா மான்ஸ்டர், நஞ்சுள்ள பல்லி இனம். வருடத்தில் சில முறை மட்டுமே இரை தின்று உயிர்வாழக்கூடியது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஜான் எங் என்ற மருத்துவர் அதன் நஞ்சை வாங்கி அலசினார். 1992-ல் எக்சென்டின்-4 என்ற பெப்டைட்டைக் கண்டுபிடித்தார். மனித ஜிஎல்பி-1-ஐப் பாதிக்குப் பாதி ஒத்திருந்தது, செய்கிற வேலையும் அதுவே, ஆனால் சட்டென்று உடையவில்லை. அரசு மருத்துவமனை காப்புரிமை எடுக்க முன்வராததால் தன் கைக்காசில் எடுத்தார். ஆய்வு மாநாட்டில் ஒரு சுவரொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கினார். கடைசியில் ஆமிலின் என்ற சிறிய நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 2005-ல் எக்சனடைட் என்ற பெயரில் அது சர்க்கரை நோய்க்கு மருந்தானது. தினம் இரண்டு ஊசி.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் லோட்டே பியெர் க்னூட்சன் வேறு வழி யோசித்தார். மனித ஹார்மோனையே வைத்துக்கொண்டு அதன் ஆயுளை எப்படி நீட்டுவது? அவருடைய குழுவின் விடையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். 31 அமினோ அமிலச் சங்கிலியில் 34-ஆம் இடத்தில் இருந்த லைசினை எடுத்துவிட்டு அர்ஜினினை வைத்தார்கள். 26-ஆம் இடத்தில் மிச்சமிருக்கும் லைசினில், குளுட்டாமிக் அமிலத்தை இணைப்பாக வைத்து ஒரு கொழுப்பு அமிலத்தைத் தொங்கவிட்டார்கள். 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம். நம் ரேஷன் கடைப் பாமாயிலில் நிறைந்திருக்கிறதே, அதே கொழுப்பு அமிலம்தான். ரத்தத்தில் ஆல்புமின் என்ற பெரிய புரதம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு அமிலங்களைச் சுமப்பது அதன் வழக்கமான வேலை. இந்தப் புதிய மூலக்கூறு, நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொற்றிக்கொள்பவரைப் போல, தன் கொழுப்பு வாலால் ஆல்புமினைப் பற்றிக்கொண்டு ரத்தத்தோடு பயணம் போனது. நொதியால் எளிதில் நெருங்க முடியவில்லை. ஓரிரு நிமிட ஆயுள் ஏறக்குறைய 13 மணிநேர அரை ஆயுளாக நீண்டது. தினம் ஒரு ஊசி போதும் என்ற நிலை வந்தது. அதுதான் லிராக்ளூடைட். கொழுப்பைக் கரைக்கிற மருந்துக்கு உயிர் கொடுத்தது ஒரு கொழுப்பு அமிலம் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. க்னூட்சனுக்கும் 2024-ல் அதே லாஸ்கர் விருதில் பங்கு கிடைத்தது.

இது எடைக்கும் உதவும் என்று தெரிந்தது எப்படி? 1996-ல் லண்டனில் ஸ்டீபன் புளூமின் குழு ஜிஎல்பி-1-ஐ எலிகளின் மூளைக்குள் நேராகச் செலுத்தியபோது அவை தீனியைக் குறைத்துக்கொண்டன. ஹார்மோன் கணையத்தோடு மட்டும் பேசவில்லை. இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தியது, மூளையில் பசியைத் தீர்மானிக்கும் இடங்களிலும் தட்டியது. பைபாஸ் வகை எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குச் சாப்பிட்டதும் ஜிஎல்பி-1 பல மடங்கு எழும்புவதையும் மருத்துவர்கள் பின்னால் கண்டார்கள். வயிறு சின்னதானதால் மட்டும் எடை குறையவில்லை, குடலின் பேச்சே மாறியிருந்தது.

லிராக்ளூடைட் 2009-ல் ஐரோப்பாவில் சர்க்கரை நோய்க்கும், 2014 டிசம்பரில் அமெரிக்காவில் உடல் பருமனுக்கும் அனுமதி பெற்றது. 2015-ல் வெளியான பெரிய ஆய்வில் 3,731 பேர் கலந்துகொண்டார்கள். 56 வாரங்களில், தினம் 3 மில்லிகிராம் போட்டவர்கள் சராசரியாக 8.4 கிலோ இழந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் 2.8 கிலோ. இரு தரப்புக்கும் ஒரே உணவு ஆலோசனைதான், ஒரே நடைப்பயிற்சிதான். மனஉறுதியைக் குலுக்கிப்போட்டுப் பிரித்து ஒரு தரப்புக்கு மட்டும் யாரும் கொடுக்கவில்லை. வித்தியாசம் ஊசிக்குள் இருந்த ஹார்மோன் மட்டுமே.

பிறகு வந்தவை இன்னும் வலியவை. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் 2021 ஆய்வில் சராசரியாக ஏறக்குறைய 15 சதவீத எடையைக் குறைத்தது. இரண்டு ஹார்மோன்களின் வேலையைச் சேர்த்துச் செய்யும் டிர்செபடைட் அதன் உச்ச அளவில் 2022-ல் 20 சதவீதத்தைத் தாண்டியது.

இப்போது பொம்மசந்திராவுக்குத் திரும்பலாம். பயோகான் 1978-ல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கியது. அதை நிறுவிய கிரண் மஜும்தார் ஷா பீர் வடிக்கும் படிப்புப் படித்தவர். பெண் என்பதால் அந்தத் துறையில் வேலை கிடைக்காமல் இதில் இறங்கினார். முதல் சரக்கு, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் நொதியும், பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளும். நொதித்தலில் தேர்ந்த அந்தக் கை 2004-ல் ஈஸ்ட்டை வளர்த்து மனித இன்சுலின் செய்தது. இருபது ஆண்டு கழித்து லிராக்ளூடைட். மீனில் தொடங்கி, பல்லியில் வளர்ந்து, டேனிஷ் ஆய்வகத்தில் உருவான ஒரு மருந்து ஓசூர் சாலையின் கைவேலைக்கு வந்து சேர்ந்ததை நான் சாதாரண வியாபாரச் செய்தியாகப் பார்க்கவில்லை. விலையை இறக்கக் கற்றவர்களின் கையில் ஒரு மருந்து வந்த பிறகுதான் அது ஏழைக்கும் மருந்தாகிறது.

பேனா என்று சொல்வதும் சரிதான், சட்டைப் பையில் செருகும் தடித்த பேனா மாதிரியே இருக்கும். திறப்பதற்கு முன் ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கீழ்முனையைத் திருகினால் டிக் டிக் என்று சத்தம் வரும், சிறு ஜன்னலில் 0.6 என்று எண் தெரியும். முதல் வாரம் அவ்வளவுதான். வாரம் 0.6 ஆகக் கூட்டி, ஐந்தாவது வாரத்தில் 3 மில்லிகிராம். ஏன் இந்த நிதானம்? அவசரப்பட்டால் குமட்டலும் வாந்தியும் ஆளைப் படுக்கப் போட்டுவிடும். தொப்புளைத் தவிர்த்து வயிற்றுச் சதையிலோ தொடையிலோ குத்தி, பொத்தானை அழுத்தி, மெதுவாக ஆறு எண்ணிய பிறகு எடுக்க வேண்டும். பித்தப்பைக் கல், கணைய அழற்சி வரும் வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடக்கூடாது, கர்ப்பிணிகளும் கூடாது. கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதமும் உடற்பயிற்சியும் கூடவே வேண்டும். கல்யாணத்துக்கு 5 கிலோ குறைக்க வேண்டும் என்று தெரிந்தவரிடம் சொல்லி வாங்குகிற பொருள் இல்லை இது. அப்படி வாங்குபவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது பயமாக இருக்கிறது.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும். செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருந்தது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில்லையா? அதே கணக்குத்தான். நீண்டநாள் நோய்க்கு நீண்டநாள் மருந்து.

நமக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். புனேவின் சி.எஸ். யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். இருவரின் பிஎம்ஐயும் 22.3. இந்தியரின் உடலில் கொழுப்பு 21.2 சதவீதம், வெள்ளைக்காரரின் உடலில் 9.1. அதனால்தான் நம்மவர்க்குத் தராசு முள் மேல்நாட்டில் எச்சரிக்கிற இடத்துக்கு வருவதற்கு முன்பே, பிஎம்ஐ 23-லேயே கவனிக்கச் சொல்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையில் இருக்கிறார்கள்.

கடுமையான பருமன் வந்தபின் மருந்தும் அறுவை சிகிச்சையும். வருவதற்கு முன் தடுக்க வேண்டிய இடம் மருந்துக் கடை அல்ல. இரவு ஷிப்டில் தூக்கம் கெட்டவனுக்குப் பசி ஹார்மோன்கள் தடுமாறும். விடியற்காலை மூன்று மணிக்கு அவன் முன்னால் இருப்பது வடையும் சர்க்கரை போட்ட டீயும்தான். பொம்மசந்திராவின் ஆலை கேன்டீன்களில் இரவுச் சாப்பாட்டுக்குச் சுண்டல், முட்டை, காய்கறி, சர்க்கரையில்லாத மோர் வைப்பதற்கு எந்தக் கண்டுபிடிப்பும் தேவையில்லை, நிர்வாகத்தின் ஒரு கையெழுத்து போதும். ஷிப்டுகளை வாரத்துக்கு வாரம் கலைத்துப் போடாமல் இருப்பதும் அப்படித்தான்.

டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமானபோது, மிகக் குறைந்த அளவில் ஒரு வாரக் குப்பியின் விலை 3,500 ரூபாய். மாதம் 14,000. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்தான் இஎஸ்ஐ காப்பீட்டில் வருவார். அந்தத் தொழிலாளிக்குக் கடுமையான பருமன் இருந்து, முழங்கால் போய், சர்க்கரை ஏறி நின்றால், இஎஸ்ஐ மருத்துவமனையில் அவருக்கு இந்த மருந்துக் குடும்பத்தின் பேனா ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான், லிராக்ளூடைட்டுக்கு ஏற்கெனவே உள்நாட்டு ஜெனரிக்குகள் இருக்கின்றன. பிஎம்ஐ 37.5-க்கு மேல், கூடவே ஒரு நோய் என்று வரையறை வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் தொடங்கலாம். மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலை இன்னும் இறங்கும்.